பதினேழாம் நம்பர் கறிப்பொடி

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை அது சம்பளப் பட்டியலில் கண்விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். மற்ற நாட்களில் அவர் மில்லிகிராம்தான்.

கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளராக இருந்தார். மாணவர்கள் கேட்கிற உப்பையும் தூளையும் எடைபோட்டு, சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்துக் கொடுப்பது அவர் வேலை. அதற்கென்று கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு இருந்தது. இடுக்கியால் எடைக்கல்லை எடுத்து வைத்துவிட்டு, முள் நடுக்கோட்டில் வந்து நிற்கிறவரை மூச்சுக்கூட விடமாட்டார். "அண்ணே, குத்துமதிப்பா ஒரு அரை கிராம் போடுங்க" என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. "குத்துமதிப்பு வேணும்னா கடைத்தெருவுக்குப் போங்க. இங்க அது கிடைக்காது" என்பார்.

முப்பத்தோரு வருடத்தில் தனக்கென்று ஒரு சோதனையும் அவர் செய்ததில்லை. சோதனை மாணவர்களுடையது, முடிவு பேராசிரியர்களுடையது, உடைந்த கண்ணாடி மட்டும் அவருடையது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாக யாரும் சொல்ல முடியாது. கேட்டால்தானே சொல்வதற்கு?

ஓய்வு பெற்ற அன்று துறைத் தலைவர் ஒரு நல்ல உரை ஆற்றி, அந்தக் கண்ணாடிக் கூண்டுத் தராசையே அவருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தார். ஆய்வகத்துக்கு எண் காட்டும் புதுத் தராசு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழையதை எங்கே தள்ளுவது என்று தெரியாமல் எல்லாரும் முழித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே அந்தப் பரிசளிப்பில் இரு தரப்புக்கும் மகிழ்ச்சி. மில்லிகிராம் அதைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் அவர் மனைவி இருந்தாள். தபால் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் பார்சல் கவுன்டரில் உட்கார்ந்தவள். அவருக்கு ஒரு வருடம் முன்பே ஓய்வு பெற்று, அந்த ஒரு வருடமும் வீட்டைத் தனி அரசாங்கமாக நடத்திக்கொண்டிருந்தாள். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். ஆக, எதிர்க்கட்சியே இல்லாத அரசாங்கம். அங்கேதான் தராசும் கையுமாக இவர் வந்து இறங்கினார்.

முதல் வாரம் செருப்புகளை அளவு வாரியாக அடுக்கினார். இரண்டாவது வாரம் கடிகாரங்களை எல்லாம் வினாடி சுத்தமாக ஒத்துப்போகச் செய்தார். மூன்றாவது வாரம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

அவள் அப்போது கறிக்குப் போடுகிற பொடிக்காக மல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். டப்பாவுக்குள் கையை விட்டாள், அள்ளினாள், சட்டியில் போட்டாள். இன்னொரு டப்பாவில் கையை விட்டாள், மிளகு. விரல் நுனியில் கொஞ்சம் சீரகம். இரண்டு பட்டை, நாலைந்து கிராம்பு.

"மல்லி எவ்வளவு போட்டே?"

"போதுமான அளவு."

"போதுமான அளவுன்னா எத்தனை கிராம்?"

"கிராமா? அது அந்த மல்லிக்கே தெரியாது. தள்ளி நில்லுங்க, புகை வருது."

"கிராம்பு நாலா, அஞ்சா?"

"நாலஞ்சு."

அந்த 'நாலஞ்சு' அவரைத் தூங்கவிடவில்லை. இருபத்தெட்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பொடி புரட்டி வறுத்த கறியைத்தான் சாப்பிட்டிருக்கிறார், ருசித்துத்தான் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் அந்த ருசிக்குப் பின்னால் ஆதாரம் என்று ஒன்றுமே இல்லை என்பது இப்போதுதான் தெரிய வந்தது. மறுநாள் காலை, இந்த வீட்டின் கறிப்பொடிக்கு நிரந்தரமான, யார் செய்தாலும் மாறாத ஒரு சூத்திரத்தைத் தாம் கண்டுபிடிக்கப் போவதாக அறிவித்தார்.

மனைவி கொஞ்ச நேரம் யோசித்தாள். செருப்பும் கடிகாரமும் முடிந்துவிட்டன. அடுத்தது தன் பீரோதான் என்பது அவளுக்குப் புரிந்தது.

"சரி. சனிக்கிழமை காலையில அடுப்பு உங்களோடது. மத்த நாள் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக்கூடாது" என்றாள்.

ஒப்பந்தம் அன்றே அமலுக்கு வந்தது. தராசு சமையலறை மேடையில், குழாய்த் தண்ணீர் தெறிக்காத மூலையில் உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு நீள நோட்டு. ஆய்வகத்து வழக்கப்படி அதில் மூன்று கட்டம் போட்டார்: சோதனை, காண்பன, அறிவன. ஒவ்வொரு பொடிக்கும் ஒரு நம்பர். சனிக்கிழமை அரைப்பது, ஞாயிற்றுக்கிழமை கறியில் புரட்டிச் சாப்பிடுவது, சாப்பிட்ட கையைக் கழுவியதும் எழுதுவது.

முதல் நம்பரில் கிராம்பு தூக்கலாகிவிட்டது. காண்பன: 'மனைவிக்கு நாக்கு மரத்துப்போனது. இருபது நிமிடம் பேசவில்லை.' அறிவன: 'கிராம்பைக் குறைக்க வேண்டும்.' அதற்குக் கீழே 'அவசரமில்லை' என்று எழுதிப் பிறகு அடித்திருந்தார்.

மூன்றாம் நம்பரில் பட்டை அதிகம். கறியை வாயில் வைத்தால் யாருக்கோ பிறந்தநாள் என்பது போல கேக் வாசனை அடித்தது. ஐந்தாம் நம்பர் வறுபடும்போது மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். நாலு நிமிடத்தில் இறக்க வேண்டிய மல்லி ஆறு நிமிடம் நாற்பது வினாடி அடுப்பில் இருந்து கருகிவிட்டது. கருகியதையும் அவர் வினாடி சுத்தமாகக் குறித்துவைத்தார். தப்பை மறைப்பது அவருக்குப் பழக்கமில்லை. ஒன்பதாம் நம்பரில் சோம்பு மிஞ்சியது. அன்று சாப்பிட வந்திருந்த மச்சினன், மனைவியின் தம்பி, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்:

"மாமா, கறி சாப்பிட்ட மாதிரி இல்லை. இருமல் மருந்து குடிச்ச மாதிரி இருக்கு. எனக்கு இருமலே இல்லையே."

மச்சினன் தையல்காரன். அவனும் அளவெடுத்துப் பிழைக்கிறவன்தான் என்பதால் அவன் சொல்லை அவர் மதித்தார். 'ஒன்பது: இருமல் மருந்து' என்று அப்படியே நோட்டில் ஏறியது.

ஒவ்வொரு பொடியிலும் ஞாயிறு செலவு போக முக்கால்வாசிக்கு மேல் மிஞ்சும். அதையும் எடைபோடுவார். 'மீதி: 194 கிராம். அப்புறப்படுத்தப்பட்டது' என்று எழுதுவார். எழுதுவதுதான் அவர் வேலை, அப்புறப்படுத்துவது மனைவி பாடு. "இதைத் தூக்கிப் போட்டுடு" என்று சட்டியை நீட்டிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். பொட்டலம் கட்டி வந்த நூலைக்கூட உருண்டையாகச் சுற்றி வைக்கிறவளிடம் தூக்கிப் போடச் சொல்கிறோமே என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. பதினாறு பொடி, பதினாறு தோல்வி. பதினேழாவதை அரைத்துச் சலித்து, ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தபோது மில்லிகிராமுக்கு உடம்பு சிலிர்த்தது. எதுவும் தூக்கல் இல்லை, எதுவும் மட்டம் இல்லை. தராசு முள் நடுக்கோட்டில் நிற்கிற மாதிரி ஒரு வாசனை.

அதற்கேற்ற மாதிரி மறுநாள் மச்சினன் கடைத் திறப்பு. சந்துக்குள் இருந்த தையல் கடையைப் பெரிய தெருவுக்கு மாற்றியிருந்தான். மத்தியானம் முப்பது பேருக்குச் சாப்பாடு. "பொடி என் பொறுப்பு" என்று இவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். மச்சினன் அக்காவைப் பார்த்தான், அக்கா கூரையைப் பார்த்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையின் பின்கட்டில் பெரிய இரும்புச் சட்டியில் கறி வறுபட்டது. வெட்டு மேசையையே சாப்பாட்டு மேசையாக்கி, அளவு நாடாக்களை ஆணியில் சுருட்டி மாட்டிவிட்டுப் பரிமாறினார்கள். முதல் பந்தியில் பேச்சு நின்றது. நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் மில்லிகிராம் கதவோரம் நின்றார். பிறகு யாரோ "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார்கள். அதற்குப் பிறகு அதே கேள்விதான் எல்லார் வாயிலும். கறியை வெட்டிக்கொடுத்த கறிக்கடைக்காரரும் விருந்துக்கு வந்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பி முடித்துவிட்டு எழுந்து வந்தார்.

"சார், இருபது வருஷமா கறி விக்கிறேன். என் கறி இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாது. என்ன பொடி இது?"

"பதினேழு" என்றார் மில்லிகிராம்.

அன்றிலிருந்து அவர் பெயர் மாறிவிட்டது. தெருவில் போனால் "பதினேழு சார்" என்று கூப்பிட்டார்கள். கறிக்கடைக்காரர் தன் மேசைமேல் வைக்க வாரம் பத்துப் பன்னிரண்டு பாட்டில் கேட்டார். வாங்க வருகிறவர்களுக்கு அவர் கறியோடு சேர்த்து ஒரு சொற்பொழிவும் கொடுத்தார்: "காலேஜ்ல விஞ்ஞானியா இருந்தவரு கண்டுபிடிச்சது." மில்லிகிராம் அதை ஒருமுறை மறுத்தார். இரண்டாவது முறை கேட்காதது போல இருந்தார். மூன்றாவது முறை முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பொடி அரைப்பார். மாலையில் நூலகத்துக்குப் போய்ப் பத்திரிகைகளை வரி விடாமல் படித்துவிட்டு வருவார். திரும்பி வரும்போது மனைவி பாட்டில்களை நிரப்பி, மூடி, அழகாக அடுக்கி வைத்திருப்பாள். இவ்வளவு ஒத்துழைப்பை இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் கண்டதில்லை. விஞ்ஞானத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்.

செய்முறை கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். மல்லி இத்தனை கிராம், மிளகு இத்தனை, புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கம் வரை. ஆனால் செய்து பார்த்தவர்கள் எல்லாம் "உங்களோடது மாதிரி வரலையே" என்று திரும்பி வந்தார்கள்.

"உங்க தராசு என்ன தராசு?" என்று கேட்பார்.

"கடைத் தராசுதான் சார்."

"அதான்" என்று முடித்துவிடுவார். அவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

மூன்று மாதம் இந்த மரியாதை நீடித்தது. பிறகு ஒருநாள் கறிக்கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், தப்பா எடுத்துக்கக்கூடாது. போன ரெண்டு மூணு வாரமா பொடி முன்ன மாதிரி இல்லைன்னு பேசிக்கிறாங்க."

"யார் பேசிக்கிறாங்க?"

"வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும்."

"அதே மல்லி, அதே எடை, அதே நேரம். எப்படி மாறும்?"

"அது எனக்குத் தெரியாது சார். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

மில்லிகிராம் வீட்டுக்கு வந்து தராசைப் பிரித்தார். தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். எடைக்கற்களைப் பழைய கல்லூரிக்கே எடுத்துப் போய்ப் புதுத் தராசில் சரிபார்த்தார். ஒரு குறையும் இல்லை. மறுபடி செய்தார், ஒவ்வொரு வினாடியும் எண்ணிச் செய்தார். அந்த வாரம் இன்னும் மோசம் என்று செய்தி வந்தது. அடுத்த வாரம் நாலு பாட்டில் அப்படியே திரும்பி வந்தது. திரும்பி வந்த பாட்டில்களைப் பார்த்து அவரைவிட அதிகமாக வாடிப்போனவள் மனைவிதான். அதையும் அவர் தன் துக்கத்தில் பங்கு கொள்கிறாள் என்றே எடுத்துக்கொண்டார்.

தம் மேல் தவறில்லை, தராசின் மேல் தவறில்லை என்றால் பாக்கி இருப்பது பொருள்தான். மளிகைக்கடைக்காரர் மல்லியில் எதையோ கலக்கிறார். இந்த முடிவுக்கு வர அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. உணவுக் கலப்பட அதிகாரிக்கு மூன்று பக்கத்தில், அட்டவணையோடு ஒரு புகார் எழுதினார். திங்கட்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். முதலில் கடைக்காரரின் முகத்துக்கு நேரே அதைப் படித்துக் காட்டிவிட்டுப் பிறகு தபாலில் போடுவதாகத் திட்டம்.

மனைவி வாசற்கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மளிகைக்கடைக்கு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

"வேண்டாங்க."

"ஏன் வேண்டாம்? அந்த ஆளு கலப்படம் பண்றான்."

"அந்த மனுஷன் கலப்படம் பண்ணலை." அவள் கதவிலிருந்து நகரவில்லை. "நான்தான் பண்ணேன்."

அவர் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "என்ன சொல்றே?"

"உள்ள வாங்க, சொல்றேன். செருப்பைக் கழட்டுங்க முதல்ல."

சமையலறையில் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை இழுத்து வெளியே வைத்தாள். தூக்கிப் போடச் சொன்ன பதினாறு பொடியின் மிச்சமும் வாரா வாரம் அதில்தான் போயிருக்கிறது. மல்லியும் மிளகும் போட்டதைக் குப்பையில் கொட்ட அவளுக்குக் கை வரவில்லை. கடைத் திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் நூலகத்துக்குப் போயிருந்தபோது, ஒரு துண்டுக் கறியில் பதினேழைப் புரட்டி வறுத்துப் பார்த்திருக்கிறாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் அவர்.

"மோசமில்லை."

"மோசமில்லைன்னா?"

"ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைச் சொல்லுவாங்களே, அந்த மாதிரி மோசமில்லை."

அவர் கையிலிருந்த புகாரை மேடைமேல் வைத்தார். அவள் தொடர்ந்தாள். "முப்பது பேர் வராங்க. தம்பி புதுக் கடை திறக்கிறான். என் பழைய பொடி டப்பாவில ரெண்டு கைப்பிடிதான் இருந்துச்சு. கடை எல்லாம் மூடிட்டாங்க. வேற வழி தெரியாம இந்த டின்னைத் திறந்து மோந்து பாத்தேன். நல்லா இருந்துச்சுங்க. என்னாலேயே நம்ப முடியலை. என் பொடியும் அதுல கலந்து குடுத்துட்டேன்."

"அப்ப என் பதினேழு?"

"இந்த டின்லதான் கொட்டினேன். அதையும் தூக்கிப் போட மனசு வரலை."

ஒருநாளோடு முடிந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். ஆனால் அன்று கடையிலிருந்து திரும்பும்போது அவர் நடந்த நடையைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவர் அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்ல வாய் எழவில்லை. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் டின்னிலிருந்து எடுத்துத் தன்னுடைய ஒரு பங்கும் கலந்து பாட்டிலில் போடுவது, எடுத்த இடத்தில் அவருடைய பதினேழைக் கொட்டி வைப்பது என்று ஆகிவிட்டது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மில்லிகிராமின் மூளை, எஜமானனின் அனுமதியைக் கேட்காமல், கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வாரா வாரம் எடுக்கிற அளவுக்குப் பதினேழு உள்ளே போகிறது. அப்படியென்றால் பழைய பதினாறும் வாரத்துக்கு வாரம் நீர்த்துக்கொண்டே வரும். பன்னிரண்டாவது வாரத்தில் டின்னுக்குள் இருப்பது ஏறக்குறைய முழுக்கப் பதினேழுதான். அதாவது, அவருடைய வெற்றி உள்ளே போகப் போகத்தான் பொடி கெட்டுப்போயிருக்கிறது.

கணக்கு அப்பழுக்கில்லாமல் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மூன்று நாள் அவர் பேசவில்லை. கோபப்படுவதா சிரிப்பதா என்று முதலில் குழம்பினார். கோபம்தான் கைப்பழக்கம் உள்ளது என்பதால் அதையே எடுத்துக்கொண்டார். ஆனால் அதுவும் சரியாக நிற்கவில்லை. தராசின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக் கதவைத் திறப்பார், மூடுவார். முப்பத்தோரு வருடம் மற்றவர்கள் சோதனைக்குப் பொட்டலம் மடித்தாயிற்று, கடைசியில் நமக்கென்று ஒன்று கிடைத்தது என்று நினைத்திருந்தார். இப்போது பார்த்தால் அவர் பெருமைப்பட்டதை ஊர் தின்னவில்லை. ஊர் தின்றது, தூக்கிப் போடு என்று அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டதை. தெருவில் யாராவது "பதினேழு சார்" என்று கூப்பிட்டால் அடி விழுந்த மாதிரி இருந்தது. பால் வாங்கப் போவதைக்கூட நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மனைவிக்குப் பொறுமை போயிற்று. தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? போன வாரம் டின்னைத் தொடாம, என் பொடியை மட்டும் போட்டுப் பாட்டில் குடுத்துப் பாத்தேன். நாலு பாட்டில் திரும்பி வந்துச்சே, அது என்னோடது."

அவர் தலையைத் தூக்கினார். "உன்னோடதா?"

"ஆமா. இருபத்தெட்டு வருஷமா நீங்க வாயைத் திறக்காமச் சாப்பிட்ட பொடி. ஊருக்கு அது பிடிக்கலை. அப்ப அவங்க விரலைச் சப்பிச் சாப்பிட்டது எதைன்னு நெனைக்கிறீங்க? நீங்க கெடுத்ததை. கெடுத்தது யாரு, நானா?"

அவர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "பதினாறும் அதுல போச்சா? ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"அஞ்சாம் நம்பர்? கருகினது?"

"அதைத்தான் முதல்ல கொட்டணும்னு பாத்தேன். மோந்து பாத்தா மனசு வரலை."

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தார். பதினாறு பக்கம். எந்தப் பொருள் எத்தனை கிராம், எத்தனை நிமிடம் வறுபட்டது, எவ்வளவு மிஞ்சியது, எல்லாம் இருந்தது. வெற்றியை எழுதுகிறவர்கள் இப்படி எழுதமாட்டார்கள். தோல்வியைத் தோல்வி என்று தெரிந்தும் வினாடி பிசகாமல் எழுதிவைக்க ஒரு மில்லிகிராமால்தான் முடியும். மீதிகளை வரிசையாகக் கூட்டினார். மூன்று கிலோ நூற்றிருபது கிராம். அந்த டின் கொள்ளுகிற அளவு.

"திரும்பச் செய்யலாம்" என்றார்.

"எதை?"

"எல்லாத்தையும்."

அந்தச் சனிக்கிழமை வேலை ஆரம்பமானது. மளிகைக்கடைக்காரரிடமே போய் சாமான் வாங்கி வந்தார். தம் பெயர் எந்தக் காகிதத்தில் ஏற இருந்தது என்று தெரியாத அந்த மனிதர், நல்ல மல்லியாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். நாக்கு மரக்கிற ஒன்றாம் நம்பர், கேக் வாசனை அடிக்கிற மூன்றாம் நம்பர், இருமல் மருந்து ஒன்பது, சூடு ஆறுமுன் அரைத்துக் கட்டி தட்டிப்போன பன்னிரண்டு, எல்லாம் அதே தப்போடு, அதே அளவில் பிறந்தன. முன்பு தப்பாகச் செய்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தே தப்புச் செய்யக் கை கூசியது.

ஐந்தாம் நம்பர் அடுப்பில் இருந்தபோது மச்சினன் வந்தான். கூடத்திலிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"மாமா, அடுப்புல கருகுது!"

"தெரியும்" என்றார், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் நாற்பது வினாடி கருகணும்."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அமைதியாக நின்றாள். "உக்காருடா. இருபத்தஞ்சு வினாடிதான் இருக்கு" என்றாள். அவன் உட்காரவில்லை, இருமிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

பாக்கி இருந்தது அவளுடைய பங்கு. "உன் பொடியையும் எழுதிவச்சாத்தான் கணக்கு முழுசாகும்" என்றார். அவள் கையளவுதான் என்றாள். "சரி, அந்தக் கையளவை எடை போட்டுடலாம்" என்று தட்டை நீட்டினார். மல்லி டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளிப் போட்டாள். முள் நின்றது: முப்பத்தெட்டு கிராம்.

"மறுபடி ஒருதடவை அள்ளு."

முப்பத்தெட்டு.

"இன்னொரு தடவை."

முப்பத்தொன்பது.

"பாத்தியா, மாறுது" என்றார்.

"மூணாவது தடவை நீங்க முறைச்சீங்க. அதுல கை நடுங்கிடுச்சு." அவள் கையைத் தட்டிக்கொண்டாள். "இருபத்தாறு வருஷம் பார்சலைக் கையில வாங்கினதுமே எடை சொல்லியிருக்கேன். தராசுல வைக்கிறது சட்டத்துக்காக."

ஆய்வகத்தில் இப்படி ஒரு கருவி இருந்திருந்தால் பூட்டி அல்லவா வைத்திருப்பார்கள். இத்தனை வருடமாக அது அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், காண்பன கட்டத்தில் 'கை: பிழை ஒரு கிராமுக்குள்' என்று எழுதினார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, தன் கழுத்தைச் சொறிந்துகொண்டே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லாம் முடிய நாலு சனிக்கிழமை ஆயிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் துண்டை அவள்தான் எடுத்தாள். மென்றாள். அவர் மூச்சை நிறுத்தியிருந்தார்.

"முன்ன இருந்ததுக்குக் கொஞ்சம் மட்டம்தான்" என்றாள்.

"எவ்வளவு மட்டம்?"

"அரிசிப் பானைக்குப் பின்னால நாலு மாசம் ஊறின மட்டம். அதையும் செய்ய முடியுமா உங்களால?"

முடியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் பாட்டில்கள் கறிக்கடைக்குப் போயின. வாரக் கடைசியில் ஒன்றும் திரும்பி வரவில்லை. "பழைய ருசி வந்துடுச்சு சார்" என்றார் கறிக்கடைக்காரர். ஊருக்கு அந்தக் கொஞ்ச மட்டம் பிடிபடவே இல்லை. வீட்டில் ஒரே ஒரு நாக்குக்குத்தான் அது தெரிந்தது. அந்த நாக்கும் அவரைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

இப்போது யாராவது செய்முறை கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்கிறார். "பதினாறு விதமாக் கெடுத்துச் செய்யணும். அதுல ஒண்ணை நல்லாக் கருக்கணும். அப்புறம் என் மனைவி கையால கலக்கணும்." கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள். கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்த காலத்தில் நம்பினவர்கள், உண்மையைச் சொல்கிற இந்தக் காலத்தில் நம்புவதாக இல்லை. "மாமா பெரிய ஆளு. லேசில வாயைத் திறக்க மாட்டாரு" என்று மச்சினன் வேறு துணி வெட்டிக்கொண்டே ஊதிவிடுகிறான்.

சனிக்கிழமை அடுப்பு இப்போது இரண்டு பேருக்கும் பொது. கருக்குவது அவர் பொறுப்பு, அவளுக்கு இன்னும் அதில் மனசு ஒப்பவில்லை. பத்தே கால் ஆனதும் பக்கத்து வீட்டார் ஜன்னல்களைச் சாத்திக்கொள்கிறார்கள். போன வாரம் எல்லாம் இறக்கி ஆறவைத்தபிறகு அவள் ஏலக்காய் டப்பாவை எடுத்து மூடியைத் திருகினாள்.

"என்னங்க, புதுசா ஒண்ணைக் கெடுத்துப் பாப்போமா?"

அவர் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு, நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பதினெட்டு என்று நம்பர் போட்டார். நேரம் குறித்துக்கொள்ளக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், அவள் ஏலக்காயைச் சட்டியில் கொட்டியிருந்தாள்.